டீசல் செலவை யார் தருவது?

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைவெளியில் இருக்கும் பூர்வகுடிக் குடியிருப்புகளின் கலைக்கு உதவ வேண்டும் என்று வருகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. கண்காட்சி நடத்தப் பணம் கிடைக்கும். திருவிழாவுக்குக் கிடைக்கும். பள்ளிச் சுவரில் ஓவியம் தீட்ட, இரண்டு வாரப் பயிற்சி முகாம் நடத்த, வழவழப்பான தாளில் மலர் வெளியிட, எல்லாவற்றுக்கும் யாராவது கொடுப்பார்கள். டீசலுக்குக் கிடைக்காது. கணக்கு எழுதுகிறவரின் சம்பளத்துக்குக் கிடைக்காது. மேலாளர் வீட்டில் குளிர்சாதனம் பழுதானால் பல நூறு கிலோமீட்டர் மண்சாலையில் பழுது பார்ப்பவரை வரவழைக்கும் செலவுக்கு நிச்சயம் கிடைக்காது. இந்தக் கலைக்கு ஆதரவளிக்கும் தொழிலில் இருந்துகொண்டு நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு கொஞ்சம் வறட்சியானதுதான்: இந்த ஊர்களில் கலைக்கு ஆதரவு தேவைப்படும் இடம் கலை அல்ல. அது அங்கே நாம் போவதற்கு முன்பே இருந்தது, நாம் இல்லாமலும் இருக்கும். ஆதரவு தேவைப்படுவது அந்தக் கலைக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே நிற்கும் ஒரு கூடத்துக்கு. அந்தக் கூடம் வருஷம் முழுவதும் திறந்திருப்பதற்கு ஆகும் சில்லறைச் செலவுதான் உண்மையான ஆதரவு. அந்தச் செலவுக்குத்தான் யாரும் தங்கள் பெயரைப் பலகையில் போட்டுக்கொள்ள விரும்புவதில்லை.

கலை மையம் என்று இங்கே சொல்வது பெரும்பாலும் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. சில நூறு பேர் வாழும் ஊர். ஓவியர்களே உறுப்பினர்களாக இருந்து நடத்தும் பதிவு பெற்ற நிறுவனம், அவர்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு, அந்தக் குழு வேலைக்கு வைத்திருக்கும் ஒன்றிரண்டு மேலாளர்கள், உள்ளூர் ஊழியர் சிலர். காலையில் கித்தான் அறுத்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அடிப்பூச்சு பூசி, அக்ரிலிக் வண்ணங்களைக் கலந்து வைக்க வேண்டும். முடிந்த ஓவியத்தைப் படமெடுத்து, எண் கொடுத்து, அதன் கதையை வரைந்தவரிடமே கேட்டு எழுதி, சான்றிதழ் தயாரித்து, சுருட்டி அனுப்ப வேண்டும். விற்ற பணத்தை உரியவர் கணக்கில் சேர்க்க வேண்டும். இவ்வளவும் வேலை விவரத்தில் இருப்பவை. அதில் இல்லாதவை அதைவிட அதிகம். வயதானவர்களைக் காலையில் வீட்டிலிருந்து கூட்டி வருவது, மதியம் சோறு போடுவது, அரசு உதவித்தொகை அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வது, மருத்துவமனைக்கு வண்டி ஓட்டுவது. மொத்தத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை மிகத் தொலைவான இடங்களில். வண்டி நின்றால் மையம் நின்றது என்று பொருள். 2005ஆம் ஆண்டு தேசியப் பூர்வகுடிக் கலைப் பரிசை வென்றது, மேற்குப் பாலையின் பெண்கள் புல்லால் பின்னிய நிஜ அளவு டொயோட்டா வண்டி. எதன் மீது வாழ்க்கை ஓடுகிறது என்பது நிதி தருகிறவர்களைவிட அந்தப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும்.

கூடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆல்பர்ட் நமட்ஜிராவைவிடப் பெரிய சான்று வேண்டாம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே ஹெர்மன்ஸ்பர்க் மிஷனில் வளர்ந்தவர். நீர்வண்ணத்தில் மத்திய ஆஸ்திரேலியாவின் மலைகளையும் வெள்ளை மரங்களையும் தீட்டி, 1959இல் இறக்கும்போது நாடறிந்த ஓவியராக இருந்தார். திறமைக்குக் குறைவில்லை, புகழுக்கும் இல்லை, வாங்க ஆளுக்கும் இல்லை. ஆனால் 1957இல் தன் படங்களின் பதிப்புரிமையை ஒரு பதிப்பகத்துக்கு ஒப்பந்தமாக எழுதிக் கொடுத்தார். அவர் குடும்பத்துக்கு மிஞ்சியிருந்த பங்கையும் 1983இல் அரசுத் தரப்பு அறங்காவலர் 8,500 டாலருக்கு விற்றுவிட்டார். அந்த உரிமை குடும்பம் சார்ந்த அறக்கட்டளைக்குத் திரும்பியது 2017இல்தான். இடைப்பட்ட காலத்தில் அவர் படங்கள் நாட்காட்டிகளிலும் அச்சுப் பிரதிகளிலும் ஆயிரக்கணக்கான வீடுகளில் தொங்கின. அவருக்கு இல்லாமல் போனது ரசிகர் கூட்டம் அல்ல. தன் பக்கம் உட்கார்ந்து ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கும், தனக்குக் கட்டுப்பட்ட ஒரு நிறுவனம்.

இதற்கு எதிர்ப்பக்கம் பப்புன்யா. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வடமேற்கே சுமார் 240 கிலோமீட்டர். 1971இல் அங்கே பள்ளி ஆசிரியராக வந்த ஜெஃப்ரி பார்டனின் தூண்டுதலில் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேனெறும்புக் கதையைத் தீட்டியதிலிருந்துதான் நவீனப் பூர்வகுடி ஓவியத்தின் வரலாறு தொடங்குகிறது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். சுவர் அழகான தொடக்கம்தான். ஆனால் அந்த ஓவியம் சில ஆண்டுகளிலேயே வெள்ளை அடித்து மறைக்கப்பட்டது, பார்டனும் 1972இலேயே போய்விட்டார். சுவரும் போய் ஆசிரியரும் போன பிறகு மிஞ்சியது, அதே 1972இல் ஓவியர்கள் தங்கள் பெயரில் பதிவு செய்த பப்புன்யா டூலா என்ற நிறுவனம். அடுத்த பத்து ஆண்டுகளில் பெரும்பகுதி அதற்குச் சந்தையே கிடையாது. 1973இல் அமைந்த பூர்வகுடிக் கலை வாரியம் ஓவியங்களை வாங்கி வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கு அனுப்பியது, கலை ஆலோசகர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. அந்த ஆண்டுகளின் கணக்கை மட்டும் வைத்துப் பார்க்கும் எந்தத் தணிக்கையாளரும் இதை மூடிவிடச் சொல்லியிருப்பார். எண்பதுகளில்தான் நகரத்துக் காட்சியகங்கள் கண்ணைத் திறந்தன. 1988இல் நியூயார்க்கின் ஏசியா சொசைட்டியில் பெரிய கண்காட்சி நடந்தது. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். அதே ஓவியர் குழுவைச் சேர்ந்த கிளிஃபர்ட் போசம் ஜபல்ஜாரி 1977இல் வரைந்து 1,200 டாலருக்கு விலைபோன ஓவியம், 2007இல் 24 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

இந்த விலைகளைச் சொன்னதும் முதல் மறுப்பு வந்துவிடும்: இவ்வளவு பணம் புழங்கும் துறைக்கு வரிப்பணம் எதற்கு, சந்தையே பார்த்துக்கொள்ளாதா? அந்த 24 லட்சத்தில் ஓவியருக்கோ அவர் வாரிசுகளுக்கோ ஒரு காசும் சட்டப்படி சேர வேண்டியதில்லை, அவர் 2002இலேயே இறந்துவிட்டார் என்பதை முதலில் நினைவில் வைக்க வேண்டும். பப்புன்யா ஓவியர் ஜானி வாரங்குலா 1972இல் வரைந்தபோது 150 டாலர் பெற்ற தண்ணீர்க் கனவு ஓவியம் 2000இல் 4,86,500 டாலருக்குப் போனபோதும் அதே கதை. இப்படிப்பட்ட ஏலங்கள் உண்டாக்கிய வெட்கத்தில்தான் மறுவிற்பனை உரிமைத்தொகைச் சட்டம் வந்து, 2010 ஜூனில் நடைமுறையானது. ஆயிரம் டாலரும் அதற்கு மேலும் போகும் மறுவிற்பனையில் ஐந்து சதவீதம் ஓவியருக்கு. அதிலும், சட்டம் வருவதற்கு முன் கைமாறிய படங்களுக்கு அடுத்த முதல் மறுவிற்பனையில் விலக்கு. நல்ல சட்டம், சிறிய சட்டம். சந்தை பார்த்துக்கொள்கிறது என்றால் இரண்டாம் மூன்றாம் கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறது. முதல் கைக்கு வந்து சேர்வது வேறு கணக்கு. உற்பத்தித்திறன் ஆணையம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி 2019–20இல் பூர்வகுடிக் காட்சிக்கலை, கைவினைப் பொருள்களின் மொத்த விற்பனை சுமார் 25 கோடி டாலர். கலை மையங்கள் வழியாக விற்ற ஓவியர் ஒருவரின் சராசரி ஆண்டு வருமானமோ சுமார் 2,700 டாலர்.

சந்தைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஒரு மோட்டல் அறையில் ஓவியரை உட்காரவைத்து, வண்ணமும் கித்தானும் கொடுத்து, வாடகைக் கார், உறவினருக்குச் சாப்பாடு, பழைய கடன் என்று கழித்துக்கொண்டு, இரவோடிரவாகப் படத்தைச் சுருட்டிக்கொண்டு போகும் வியாபாரிகளைப் பற்றி 2007இல் செனட் குழு விரிவாகவே விசாரித்தது. இவர்களுக்குக் கார்ப்பெட்பேக்கர் என்று துறையில் பெயர். நேர்மையான தனி வியாபாரிகளும் இருக்கிறார்கள், சில ஓவியர்கள் மையத்தைவிட அவர்களோடு நன்றாகவே வாழ்ந்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் பேரம் பேசுகிறவருக்கு எழுந்து வீட்டுக்குப் போக வழி இருந்தால்தான் அது பேரம். ஊரில் மையம் திறந்திருப்பதால் கிடைப்பது அந்த வழி. அங்கே விற்காமல் போகிறவருக்கும் அதனால் லாபம் உண்டு, ஏனென்றால் விலை என்ன என்பது ஊருக்குத் தெரிந்திருக்கிறது. போலிகளின் கதையும் இதே திசையில்தான் போகிறது. சுற்றுலாக் கடைகளில் விற்கும் பூர்வகுடி நினைவுப் பொருள்களில் பாதிக்கு மேல் பூர்வகுடியினரோடு எந்தத் தொடர்பும் இல்லாதவை என்று உற்பத்தித்திறன் ஆணையம் கணக்கிட்டது. 1994இல், வியட்நாமில் நெய்த தரைவிரிப்புகளில் தங்கள் வடிவங்களைக் கண்ட ஓவியர்கள் நீதிமன்றத்தில் வென்றார்கள். அப்படி ஒரு வழக்கு நிற்க வேண்டுமானால் யார், எப்போது, எந்த உரிமையில் வரைந்தது என்ற ஏடு யாரிடமாவது இருக்க வேண்டும். அந்த ஏட்டை எழுதுகிறவருக்குத்தான் சம்பளம் கேட்கிறோம்.

ஆண்டுக்கு 2,700 டாலர் என்றால் இது தொழிலா, நலத்திட்டமா என்று கேட்பவர்களின் கேள்வி இதைவிடக் கூர்மையானது. அதை மழுப்பக் கூடாது. விற்பனையை மட்டும் வைத்து அளந்தால் பல மையங்கள் தேறாது. ஆனால் விற்பனையை மட்டும் வைத்து அளந்தால், மையங்கள் செய்தவற்றில் மிகப் பெரியவை கணக்கிலேயே வராது. பப்புன்யாவுக்கு மேற்கே உள்ள கின்டோரிலும் கிவிர்குராவிலும் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் டயாலிசிஸுக்காக ஊரைவிட்டு ஐந்நூறு, எழுநூறு கிலோமீட்டர் தள்ளி ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் போய்க் கிடக்க வேண்டியிருந்தது. ஊருக்குத் திரும்புவது பிணமாகத்தான். உள்ளூரில் இயந்திரம் வைக்க அரசிடம் பணம் கேட்டுக் கிடைக்காதபோது, பப்புன்யா டூலா ஓவியர்கள் கூட்டாகப் பெரிய கித்தான்களைத் தீட்டினார்கள். 2000இல் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் நடந்த ஏலத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 2004இல் கின்டோரில் டயாலிசிஸ் தொடங்கியது. பர்ப்பிள் ஹவுஸ் என்று இன்று அறியப்படும் அந்த அமைப்பு பல ஊர்களில் மையங்கள் நடத்துகிறது, நோயாளிகள் சொந்த ஊரைப் பார்க்கப் போக நடமாடும் லாரியும் வைத்திருக்கிறது. எந்த நிதி விண்ணப்பத்திலும் இதை எதிர்பார்க்கும் விளைவு என்று எழுதியிருக்க முடியாது. மூன்று பத்தாண்டுகளாக ஒரு நிறுவனம் உயிரோடு இருந்தது, ஏலக்காரரின் தொலைபேசி எண் அதனிடம் இருந்தது, வாங்குகிறவர்களின் நம்பிக்கை அதனிடம் இருந்தது. கண்காட்சிக்கு மட்டும் பணம் கொடுத்திருந்தால் கண்காட்சிதான் கிடைத்திருக்கும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரேட் சாண்டி பாலைவனத்து மக்கள் நிலவுரிமை கேட்டபோதும் இப்படித்தான். நீதிமன்றத்தின் மொழியும் அவர்கள் மொழிகளும் ஒட்டவில்லை. 1997இல் நாற்பதுக்கும் மேற்பட்ட ஓவியர்கள் சேர்ந்து, சுமார் எட்டு மீட்டருக்குப் பத்து மீட்டர் அளவில் தங்கள் நிலத்தையே தீட்டினார்கள். தீர்ப்பாயத்தின் முன் ஒவ்வொருவரும் தன் நீர்நிலை தீட்டப்பட்ட இடத்தின் மேல் போய் நின்றுகொண்டு தன் மொழியில் பேசினார். உரிமை 2007இல் கிடைத்தது. வடகோடியில் யிர்க்கலாவின் மையம் எண்பது மரப்பட்டை ஓவியங்களால் கடலுக்கும் தங்களுக்கும் உள்ள சட்டத்தை எழுதிக் காட்டியது. ரமிங்கினிங்கில் கலை ஆலோசகராக இருந்த ஜான் மண்டைன் உருவாக்கக் காரணமாயிருந்த இருநூறு உள்ளீடற்ற மரத்தூண்கள், ஐரோப்பியர் குடியேறியதிலிருந்து ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒன்றாக, 1988இல் நாடு இருநூறாம் ஆண்டைக் கொண்டாடிக்கொண்டிருக்கையில் காட்சிக்கு வந்தன. இன்று தேசியக் கலைக்கூடத்தில் நிற்கின்றன. அந்த ஆலோசகர் பதவி, பார்த்தால் ஒரு சம்பளப் பட்டியலின் ஒற்றை வரி.

திட்டத்துக்குத் திட்டம் என்று நிதி தருவதில் உள்ள கோளாறு எர்னபெல்லாவைப் பார்த்தால் விளங்கும். தெற்கு ஆஸ்திரேலியாவில், இன்று புக்காட்ஜா என்று வழங்கும் ஊரில், 1948இல் மிஷன் நடத்திய கைவினை அறையாகத் தொடங்கியது. தொடர்ந்து நடந்துவருவனவற்றில் மிகப் பழமையான மையம் இதுதான். ஆட்டு ரோமம் நூற்றுத் தரைவிரிப்பும் நெசவும் முதலில். எழுபதுகளில் பத்திக் துணி. அதைக் கற்க அங்கிருந்து பெண்கள் யோக்யகர்த்தா வரை போனார்கள். பிறகு அக்ரிலிக், மண்பாண்டம். ஒவ்வொரு காலத்திலும் ஒரு கலைக்கு நிதி தந்தவர்கள் அந்தக் கலை முடிந்ததும் முடிந்தது என்று எழுதியிருப்பார்கள். ஊருக்கோ அது முடியவில்லை, கருவி மாறியது. பாட்டியின் கோலம் பேத்தியின் கையில் பானை மேல் வருகிறது. நடுவில் அறை பூட்டப்படாமல் இருந்தது, அவ்வளவுதான்.

இவ்வளவு செலவு செய்து இவர்கள் ஏன் அங்கேயே இருக்க வேண்டும், நகரத்துக்கு வந்து வரையலாமே என்ற கேள்வி அரசியலில் அடிக்கடி வருகிறது. 2005இல் ஓர் அமைச்சர் சிறு குடியிருப்புகளைப் பண்பாட்டு அருங்காட்சியகங்கள் என்ற பொருளில் பேசினார். 2015இல் ஒரு பிரதமர் அங்கே வாழ்வதை வாழ்க்கைமுறைத் தேர்வு என்றார். சிக்கனம் என்ற அளவில் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவு பெரியது. ஆனால் ஓவியத்தைப் பொறுத்தவரை அது கேள்வியாகவே நிற்காது. இங்கே ஒருவர் எதை வரையலாம் என்பது அவர் பிறந்த இடம், தாய் வழி, தந்தை வழி, பெற்ற சடங்குகள் ஆகியவற்றால் தீர்மானிக்கப்படுவது. பக்கத்துக் குன்றின் கதை தெரிந்திருந்தாலும் உரிமை இல்லாவிட்டால் வரையக் கூடாது. அந்த இடத்துக்குப் போய், பெரியவர்கள் சொல்லக் கேட்டு, பாட்டோடும் ஆட்டத்தோடும் கற்பதுதான் பயிற்சி. பப்புன்யாவில் குவிக்கப்பட்டிருந்த பிண்டுபி மக்கள் 1981இல் மேற்கே தங்கள் சொந்த மண்ணில் கின்டோரை அமைத்துக்கொண்டு போனபோது ஓவியம் தேயவில்லை, அடுத்த பெரும் ஓவியர்கள் அங்கிருந்துதான் வந்தார்கள். பப்புன்யா டூலாவின் வண்டிகள்தான் கித்தானைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் போக வேண்டியிருந்தது. டீசல் செலவு கூடியது உண்மை.

என் தொழிலுக்கு எதிராகச் சொல்லப்படுவதில் மிக வலுவானதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன், ஏனென்றால் அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. மையம் மக்களுடையது என்று ஏட்டில் இருக்கிறது. சாவி யாரிடம் இருக்கிறது? வெளியிலிருந்து வந்த, பெரும்பாலும் வெள்ளையரான, மேலாளரிடம். கணினிக் கடவுச்சொல்லும் காட்சியகத் தொடர்பும் எந்த வண்ணம் விற்கும் என்ற அறிவும் அவரிடம். சிவப்பு ஓடுகிறது, பெரிய அளவு வேண்டும் என்று அவர் சொன்னால் அது ஆலோசனையா உத்தரவா? பார்டன் காலத்திலிருந்தே வெளியாளின் ரசனை கித்தானுக்குள் கலந்துதான் இருக்கிறது. இதை மறுக்கிறவர்களை நான் நம்ப மாட்டேன். ஆனால் தொடக்கக் காலப் பப்புன்யா பலகைகளில் பெண்களும் சிறுவர்களும் பார்க்கக் கூடாத சடங்குப் பொருள்கள் வெளிப்பட்டுவிட்டன என்று மற்றப் பூர்வகுடிக் குழுக்கள் கொதித்தபோது, எதை வெளியே காட்டலாம், எதை மறைக்க வேண்டும் என்று பேசித் தீர்த்தவர்கள் ஓவியர்கள்தான். புள்ளிகள் அடர்ந்து மறைக்கத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் நிறுவனத்துக்குள் இருந்தால் மேலாளரின் ரசனையைத் தாங்கிக்கொள்ளலாம். அந்த அதிகாரம் பலப்பட உள்ளூர் ஊழியர்கள் வேண்டும். அங்கேதான் அரசு கைவிட்டது. 1977இல் தொடங்கிய சமூக வேலைவாய்ப்புத் திட்டத்தின் கீழ் மையங்களில் ஏராளமான உள்ளூர்க்காரர்கள் பகுதிநேரச் சம்பளத்தில் இருந்தார்கள். குறைகள் நிறைந்த திட்டம். அதைச் சீர்செய்வதற்குப் பதில் படிப்படியாக 2015க்குள் மூடினார்கள். முறையான சம்பள வேலைகளாக மாறியவை அவற்றில் ஒரு பகுதி மட்டுமே. மேலாளர்கள் ஓரிரு ஆண்டில் களைத்துப் போய்க் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் இடத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த உள்ளூர் ஊழியரின் வேலை அதற்கு முன்பே நிதி ஆண்டோடு முடிந்துவிட்டிருக்கும்.

மத்திய அரசு இதை அறவே புரிந்துகொள்ளவில்லை என்று சொன்னால் அநியாயம். காட்சிக்கலை மையங்களின் நடப்புச் செலவுக்கென்றே தனித் திட்டம் இருக்கிறது. அது இல்லையென்றால் பாதி மையங்கள் இன்று இருக்காது. இசைக்கும் நடனத்துக்கும் அந்த அளவு கூட இல்லை. நிலைத்த ஒரு கூடம் என்ன தரும் என்பதற்கு யுவெண்டுமு என்ற பாலைவன ஊர் சான்று: ஊரார் எண்பதுகளில் தாங்களாகவே தொலைக்காட்சி ஒளிபரப்பத் தொடங்கினார்கள், அவர்களின் ஊடகச் சங்கம் பின்னாளில் புஷ் மெக்கானிக்ஸ் என்ற தொலைக்காட்சித் தொடரை நாடு முழுவதும் சிரிக்கும்படி எடுத்துக் கொடுத்தது. பாட்டுக்காரர்களுக்கு அப்படி நிலைத்த கூடம் உள்ள ஊர்கள் குறைவு. தனியார் அறக்கட்டளைகள்தாம் மாற வேண்டியவை. பன்னிரண்டு மாதத்துக்குப் பதில் ஐந்தாண்டு. குறிப்பிட்ட நிகழ்ச்சிக்குப் பதில் செலவினம் குறிக்காத தொகை. அதில் ஒரு பங்கு ஊழியர் குடியிருப்புக்கு, ஏனெனில் காலி வீடு இல்லாத ஊரில் விளம்பரம் கொடுத்து ஆள் எடுப்பது வீண். ஊரில் சாவு விழுந்தால் வாரக்கணக்கில் மையம் மூடியிருக்கும், இறந்தவரின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், அவர் படங்களைத் திருப்பி வைத்துவிடுவார்கள், குடும்பம் சம்மதிக்கும்வரை விற்பனை நிற்கும். இதற்கு இடம் விடாத காலக்கெடுவோடு வரும் பணத்தை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த நிர்வாகக் குழுக்கள் இப்போது இருக்கின்றன. அடுத்த ஆண்டுச் சம்பளம் கையில் உறுதியாக இருக்கும் குழுக்களால்தான் அப்படிச் சொல்ல முடிகிறது.